நசீமா அக்காவின் சிவப்புப் பட்டை

இன்று நான் போயிருந்த கவரைப்பேட்டை பிரவுசிங் சென்டரில் நடந்தது இது.

இரும்பு ஆலையில் வேலை செய்யும் ஏழுமலை, மஸ்கட்டில் மகளுக்குப் பிறந்த குழந்தையை முதன்முதலாக வெப்கேமில் பார்க்க வந்திருந்தார். படம் அசையவே இல்லை.

"இன்னாம்மா, உன் கம்ப்யூட்டர் ஒரே பேஜாரா கீது!"

கடை நடத்தும் நசீமா அக்கா கோபப்படவில்லை. தானே எழுதிய புரோகிராமை எல்லோர் திரையிலும் திறந்துவிட்டார். எந்த மெஷின் நெட்டை எவ்வளவு இழுக்கிறது என்று பட்டைகளாகத் தெரிந்தது. ஒன்று மட்டும் சிவப்பாக நீண்டிருந்தது.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் கீது நைனா. லைன்லதான் நெரிசல்."

மூலையில் ஒருவர் எழுந்தார். "நான்தான் சினிமா டவுன்லோட் போட்டுக்கினு இருந்தேன். நிறுத்திட்டேன் சார்."

சிவப்பு சுருங்கியது. திரையில் குழந்தை கொட்டாவி விட்டது. ஏழுமலை கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அக்காவுக்கு ஒரு பெரிய சலாம்! எங்கள் ஆபீசிலும் இந்தப் புரோகிராமைப் போடச் சொல்லப்போகிறேன். முதலில் சிவக்கப்போவது யார் பட்டை? ஆபீஸ் நண்பர்களே, நீங்களே சொல்லிவிடுங்கள்.