இடது பக்கம் இழுத்த விமானம்

எங்க வீட்டுக்காரர் யட்டியாந்தோட்டையில த்ரீவீல் ஓட்டுறார். நான் ப்ளேன் ஓட்டுறேன். சிரிக்காதீங்க. தோட்டத்து லயத்து வீட்டு முன்னறையில, கம்ப்யூட்டர்லதான் ஓட்டுறேன், ஆனா வெளையாட்டுக்கு இல்ல. வெளிநாட்டுல சில பேர் சேர்ந்து, நெசமான விமானம் எப்படிப் பறக்குமோ அப்படியே கம்ப்யூட்டர்ல பறக்குற மாதிரி செய்யுறாங்க. வெளிய விடுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்த்துக் கொறை சொல்ல ஆள் வேணும். அந்தக் கூட்டத்துல சேர எனக்குக் கொள்ளை ஆசை. மூக்குல ஒரே காத்தாடி வச்ச டர்போப்ராப் விமானம் ஒன்ன அனுப்பி, "ஓட்டிப் பார்த்து எழுதுங்க, சரியா இருந்தா சேர்த்துக்குறோம்"னாங்க.

அதுக்காகவே காலால மிதிக்குற பெடல் செட்டு புதுசா வாங்கினேன். இந்த மாதிரி விமானம் வேகம் புடிக்கும்போது மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது பெடல மிதிச்சுத்தான் நேராக்கணும். தெரியாமலா ஒக்காந்தேன்?

மொதல் ஓட்டம், நேரா புல்லுக்குள்ள. அடுத்தது வேலிக்குள்ள. "ஐயோ போச்சு, விழுந்தேன்!"னு கத்திக்கிட்டே காலையெல்லாம் ஓட்டினேன். நான் முழுசா மிதிக்குறேன், ஸ்க்ரீன்ல பாதி மிதிதான் காட்டுது. எனக்கு வந்துச்சே கோவம்! எந்த வேகத்துல, எவ்வளவு மிதியில, எவ்வளவு திரும்புதுன்னு ஒன்னு விடாம குறிச்சு, "ஒங்க விமானம் சுத்தத் தறுதலை"ன்னு எழுதி அனுப்பிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் சோத்துக்கு வந்தார். வந்ததும் மேசைக்கடியில குனிஞ்சு பார்த்தார்.

"என்ன புள்ள, பழம் இன்னும் நசுங்கலையா?"

"என்ன பழம்ங்க?"

வலது பெடலுக்குப் பின்னாடி, கொழுகொழுன்னு ஒரு எலுமிச்சம்பழம்!

புது வண்டி எடுத்தா டயருக்கடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் ஓட்டணும், எங்க பக்கம் யாரும் அத மாத்த மாட்டாங்க. இவர் டயரத் தேடியிருக்கார். டயர் இல்லாததால பெடலுக்கு வச்சிருக்கார்.

"அறிவிருக்காங்க? இது நாற்காலிய விட்டு நகராத ப்ளேனு!"

"நகராட்டி எதுக்கு விழுந்தேன் விழுந்தேன்னு கத்துனியாம்? பக்கத்து வீட்டுல கேக்குறாங்க. ஒழுங்கா மிதிச்சா நசுங்கியிருக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

சோத்தப் போட்டுக் கொடுத்தேன், மூஞ்சியப் பாக்கல. பழத்த எடுத்துட்டு ஓட்டினா விமானம் கம்பு மாதிரி நேரா ஓடி ஏறுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. நல்ல விமானத்தத் தறுதலைன்னுட்டேனே, இனி எவன் சேர்ப்பான்? வெக்கத்த விட்டு நடந்தத அப்படியே எழுதினேன்.

சாயங்காலமே பதில் வந்துச்சு. பெடல் பாதியில சிக்கினா நெசமான விமானம் எப்படித் திரும்புமோ, நான் குறிச்சது அச்சு அசலா அதேதானாம். அந்தச் சோதனைய வேற யாரும் செய்யலையாம். சேர்த்துக்கிட்டாங்க! கடைசியில ஒரே ஒரு கேள்வி: அந்தப் பழம் எதுக்கு?

'ஓட்டுற ஆள் பத்திரமா வீடு திரும்பணும்னு வைக்கிறது'ன்னு எழுதினேன். எழுதிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். வாசல்ல த்ரீவீல் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போய் தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சேன்.