வீடு வரைக்கும் மூச்சு

ஆஸ்பத்திரி வண்டி ஓட்டியே என் பாதி ஆயுசு போயிற்று. எத்தனையோ மிஸ்ஸிகள், அதுதான் நர்ஸுகள், பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அருந்ததி மிஸ்ஸியை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடியேறிய குடும்பம், அப்பா ரயில்வே கிளார்க். மிஸ்ஸி அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஓய்வு பெறும்வரை பிரசவ வார்டில் இருந்தவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அதற்கு முன் தீவிர சிகிச்சை வார்டில் இருந்தார்.

எண்பத்தொன்றாம் வருஷம் முனுசாமி என்பவர், மூளையில் ரத்தம் கசிந்து, அங்கே மூச்சு மெஷினில் கிடந்தார். பெரிய டாக்டர், சின்ன டாக்டர், வார்டு சிஸ்டர் எல்லோரும் உட்கார்ந்து பேசி, இனி மெஷின் வீண் என்று முடிவெடுத்தார்கள். அதில் தப்பில்லை. மனைவி வடிவம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்: வெளியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் விடமாட்டார்கள், மூச்சோடு கொண்டுவந்து விடுங்கள் என்று. சரி, அருந்ததி கையால் ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போகட்டும், வீட்டில் கிடத்தியதும் நிறுத்தட்டும் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அருந்ததியை ஒருவரும் கேட்கவில்லை. அடப் பாவிகளா, அது என்ன லைட் சுவிட்சா?

கடலைத் தாண்ட வண்டியோடு ஏறிய ஃபெரியில் முன்னும் பின்னும் கார்கள் அடைத்து நின்றன. கண்ணாடியில் பார்த்தேன். அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டுமா என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார்.

அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் முனுசாமியின் வீட்டில், கூடத்தில் கிடத்தினோம். உதட்டில் பால் தொட்டு வைத்தார்கள். எல்லோர் கண்ணும் மிஸ்ஸியின் கையில்தான் இருந்தது. நிறுத்தட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

"நிறுத்துன்னு என் வாயால எப்படிச் சொல்வேன், மிஸ்ஸி? நீங்கல்லாம் சேர்ந்துதானே முடிவு பண்ணீங்க," என்றார் வடிவம்மாள்.

முனுசாமியின் மைத்துனர் குறுக்கே வந்தார். "கொஞ்சம் பொறுங்க லா, தங்கச்சி சிம்பாங் அம்பாட்லேர்ந்து வந்துக்கிட்டிருக்கா."

முனுசாமியின் தங்கை வந்து அழுது தீர்த்தாள். பிறகு யாரோ சித்தப்பா வரவேண்டும் என்றார்கள். மிஸ்ஸியால் எழுந்து போகவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை. நான் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மிஸ்ஸி தானாகவே நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் முனுசாமியின் நெஞ்சு அடங்கியது.

வடிவம்மாள் வந்து மிஸ்ஸியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க நிறுத்தினீங்களா, அவரா போயிட்டாரா?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். பிறகு வடிவம்மாள் பக்கம் திரும்பினார்.

"அவராத்தாம்மா போனாரு."

வடிவம்மாள் மிஸ்ஸியின் அந்தக் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கடைசிவரைக்கும் என் புருஷனை விடாத கை என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டி அழுதார். மிஸ்ஸியால் அதை இழுத்துக்கொள்ள முடியவில்லை.