திருநெல்வேலி ரூம்

மாரியப்பன் அண்ணன் இருந்தார். சுடலை அண்ணன் இருந்தார். செல்வம் அண்ணன் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். மோட்டார் போட வந்த அம்மா, சொதி கொதிக்கிற வாசனைக்கு அங்கேயே நின்றுவிட்டாள். நான் தட்டோடு வாசற்படியில் இருந்தேன். தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்ட சேதி அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கு வந்தது.

எங்களுக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. கம்பெனிகள் வந்த பிறகு, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் அப்பா ஷீட் போட்டு ஐந்து அறை கட்டினார். பக்கத்து ஒரகடத்தில் ஷிஃப்டுக்குப் போகிற தென்மாவட்டத்து ஆட்கள்தான் குடியிருந்தார்கள். அறைக்கு நம்பர் இருந்தும் யாரும் அதைச் சொன்னதில்லை. "மதுர ரூம்", "ராம்நாடு ரூம்", "திருநெல்வேலி ரூம்" என்றுதான் பேச்சு. ஓர் ஆள் காலி செய்தால் அதே மாவட்டத்து ஆளைத்தான் அந்த அறைக்காரர்கள் கூட்டிவர வேண்டும். அது அம்மா வைத்த சட்டம். "ஒரே பக்கத்து புள்ளைங்களா இருந்தா கொயம்புக்கு சண்ட வராது" என்பாள். பள்ளிக்கூடத்தில் தமிழ்நாடு படத்தை வரையச் சொன்னபோது, மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் ஒரு பாத்ரூம் இருப்பதாகத்தான் எனக்கு மனசில் ஓடியது.

திருநெல்வேலி ரூமில் இருந்த மூன்று பேரில் செல்வம் அண்ணனுக்குச் சங்கரன்கோவில் பக்கம். அது தென்காசியோடு போய்விட்டது.

"ஏலே செல்வம், நீ இனி வெளிநாட்டுக்காரம்லா. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்து சொதி ஊத்திக்கோ" என்றார் சுடலை அண்ணன்.

"பால் பிழிஞ்சது நாந்தாம்ல. ஒங்க மாவட்டத்துக்கு வெறும் தண்ணிதான்" என்றார் செல்வம் அண்ணன்.

மாரியப்பன் அண்ணன் என் சாக்பீஸை வாங்கி, செல்வம் அண்ணன் பாயைச் சுற்றிக் கோடு போட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா வெளாட்டு இது? கோட்ட அழிச்சிட்டு துன்னுங்க. வூடு என்னுது."

சிரித்தோம். ஆனால் செல்வம் அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் யார் ஊர் கேட்டாலும் "தென்காசி மாவட்டம்" என்றுதான் சொன்னார்.

பங்குனியில் ஊரடங்கு வந்தது. கம்பெனியில் லைன் நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். வைகாசியில் செல்வம் அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும். அதனால் மற்றவர்களுக்கு முன்பே அவர் பாஸ் போட்டார், தென்காசி என்று. ஆதாரில் பழைய மாவட்டமே இருந்தது. அதனாலோ என்னவோ, தள்ளிவிட்டார்கள். மறுபடியும் தென்காசி என்றே போட்டார். அதையும் தள்ளினார்கள். மற்ற இரண்டு பேரும் திருநெல்வேலி என்று போட்டார்கள். கிடைத்துவிட்டது.

ஊருக்குப் போக அவர்கள் பிடித்த வேனில் இடம் இருந்தது. பாஸில் செல்வம் அண்ணன் பேர் இல்லை. "செக்போஸ்ட்ல பேரு பாப்பாங்கப்பா, வண்டிய புடிச்சிக்குவாங்கோ" என்று டிரைவர் ஏற்ற மாட்டேன் என்றார். சுடலை அண்ணன் வேனில் ஏறி உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு கிண்டலும் பேசவில்லை. "வந்துருலே" என்றார், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று எங்கள் கூடத்தில் குக்கர்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பாயசம் வைத்திருந்தாள். அங்கே தாய்மாமன் முன்னால் நின்றார். தாலி ஏறினதும் பொண்ணு போன் பக்கம் திரும்பி, "அண்ணே, சாப்ட்டியா?" என்று கேட்டது.

"அவன் துன்னான்மா. நான் பாத்துக்கினுதான் கீறேன். நீ கண்ண தொடச்சிக்கோ" என்று அம்மா சொன்னாள்.

செல்வம் அண்ணன் சாப்பிட்டிருக்கவில்லை. முகம் கழுவப் போனார். பாத்ரூமில் ரொம்ப நேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அப்புறம் திருநெல்வேலி என்று போட்டார். பாஸ் வந்தது. போனார். சுடலை அண்ணனும் மாரியப்பன் அண்ணனும் திரும்பி வரவில்லை. செல்வம் அண்ணன் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போவதாகப் போனில் சொன்னார். "எப்போ வர்ற?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "வாரேங்க்கா" என்பார். ரூம் கேட்டு வந்தவர்களிடம் அம்மா அந்த அறையில் ஆள் இருப்பதாகவே ரொம்ப நாள் சொல்லி அனுப்பினாள்.

இப்போது நானும் கம்பெனி லைனில் நிற்கிறேன். மதுரை, ராம்நாடு என்று யாரும் இங்கே சொல்வதில்லை. "ஒரிசா ரூம்", "பீகார் ரூம்" என்கிறோம். அவர்களுக்கும் மாவட்டம் இருக்கும். கேட்டால் சொல்கிறார்கள், எனக்கு நாக்கில் நிற்பதில்லை. போன தீபாவளிக்குப் பிறகு அந்தத் திருநெல்வேலி ரூமையும் அம்மா வாடகைக்கு விட்டுவிட்டாள். பூட்டைத் திறக்க என்னை அனுப்பினாள், அவள் வரவில்லை.

இப்போது அதில் ஏழு பேர்.