பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

போன வாரம் பேங்க்கில் ஒரு கூத்து. பாஸ்புக்கை என்ட்ரிக்குக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "வேலுச்சாமி... வேலுச்சாமி..." என்று தொண்டை வறளக் கூப்பிடுகிறது. யாரப்பா அந்த ஆள், காது கேட்காதா என்று நானும் சுற்றுமுற்றும் பார்க்கிறேன். பக்கத்தில் இருந்தவர்தான் தோளைத் தட்டினார்.

"ஸ்டூடியோ அண்ணே, ஒங்களத்தான் கூப்புடுறாக!"

அட... ஆமாம், நான்தான்!

சிரிக்காதீர்கள். கடைசியாக உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யார் — யோசித்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு 'சார்'. தெருவில் 'ஸ்டூடியோ'. அக்காவுக்குத் 'தம்பி', கட்டிக்கொடுத்த மகளுக்கு 'அப்பா'. 'வேலு' என்று கூப்பிட அம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளோடு அந்தப் பேரும் போய்விட்டது.

நடுவில் சில மாதங்கள் மட்டும் அது திரும்பி வந்தது. கூப்பிட்டது — என் மனைவி!

என்னது, பெண்டாட்டியா என்று புருவத்தைத் தூக்குகிறீர்கள்தானே? சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பழனியம்மாவுக்கு ஓயாத தலைவலி. கண்ணாடி மாற்றினோம், தைலம் மாற்றினோம். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால் மூளையில் கட்டி. ஆபரேஷன்.

"உயிருக்கு பயமில்ல. கட்டி பேச்சு வர்ற இடத்துல இருந்துச்சு. அதனால பேச்சு மட்டும்... மெதுவாத்தான் வரும்" என்றார் டாக்டர்.

உயிர் இருக்கிறதே, பேச்சு என்ன பெரிய பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பழனியம்மா ஒட்டன்சத்திரத்துப் பெண். தக்காளி விலையில் ஆரம்பித்தால் எதிர்வீட்டு மருமகள் வரைக்கும் போய்த்தான் மூச்சு விடுவாள். அப்படிப்பட்டவள் வாயில் இப்போது ஒரே வார்த்தை — "அது... அது...". பசித்தாலும் அதுதான், அழுதாலும் அதுதான்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைக்கும் முன்பே, "என்னையத் தெரியுதாஆஆ?" என்று காதுக்குள் கத்துவார்கள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். எல்லாமே புரியும். சொல்லத்தான் வார்த்தை அகப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளை வைத்துக்கொண்டே, "இனி இந்த மனுசன் பாடு திண்டாட்டந்தான்" என்று பேசிக்கொள்வார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கடையைப் பூட்டிவிட்டு வந்து அன்றைய கதையைச் சொல்வேன். பதில் சொல்ல அவள் உதடு படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நானும் பேச்சைக் குறைத்தேன். பிறகு நிறுத்தியே விட்டேன். டி.வி.யை ஓடவிட்டுச் சாப்பிடுவோம் — வீட்டுக்குள் ஏதாவது ஒரு மனிதக் குரல் கேட்கட்டுமே என்று. அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. அவள் எவ்வளவு தனியாக இருந்தாளோ... கேட்டாலும் சொல்ல அவளால் முடியாதே?

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் வழி சொன்னது. "வீட்டுச் சாமான், வீட்டு ஆளுங்க எல்லாத்தையும் போட்டோ எடுங்க சார். பின்னாடி பேரு எழுதி வச்சுக்கிட்டு, தினமும் காட்டிச் சொல்ல வைங்க."

போட்டோவா? நம்ம தொழிலாச்சே! சொம்பு, தோசைக்கல், பால்காரர், மகள், சமைத்துப்போட வந்திருந்த என் அக்கா — எல்லாரையும் எடுத்தேன். என்னை யார் எடுப்பது? ஊருக்கே போட்டோ பிடித்தவனிடம் தன் போட்டோ ஒன்றுகூட இல்லை. டைமரை வைத்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன்.

சரி, பின்னால் என்ன எழுதுவது? கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டதெல்லாம் 'ஏனுங்க' ஒன்றுதான். இது யார் என்று கேட்டு 'ஏனுங்க' என்றா சொல்ல வைக்க முடியும்? 'கணவர்' என்று எழுதினால் ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. யோசித்து யோசித்து, 'வேலு' என்று எழுதினேன்.

முதலில் 'தண்ணி' வந்தது. கொஞ்ச நாள் மகள்கூட 'தண்ணி'தான். அப்புறம் ஒரு காலையில் என் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். "வே..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"வே... வேலு."

இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னாள். கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.

அதன்பிறகு எடுத்ததற்கெல்லாம் வேலுதான். "வேலு... பால்!" "வேலு... ஃபேன்!" வாசலில் நின்று தெரு கேட்கக் கூப்பிடுவாள். கடையில் இருக்கும்போது, எப்போது வீட்டுக்குப் போவோம், எப்போது கூப்பிடுவாள் என்றிருக்கும். என் அக்காவுக்குத்தான் தாங்கவில்லை.

"தம்பி, கட்டுன புருசனப் பேரு சொல்லிக் கூப்புட்டா ஒனக்கு ஆயுசு கொறைஞ்சிரும்ப்பா. தெருவே சிரிக்குது. அந்தப் போட்டோவக் கிழிச்சுப் போடு."

"கொறைஞ்சா கொறையட்டும்க்கா. அம்புட்டு ஆயுச வச்சு நான் என்ன செய்யப்போறேன்?"

அக்கா விடுகிற ஆளா? நான் கடைக்குப் போனதும், "ஏனுங்கன்னு சொல்லு புள்ள" என்று தன் பங்குக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன, பிறகு கூட்டமாக வந்தன. ஒருநாள் அடுப்படியிலிருந்து குரல்.

"ஏனுங்க, காப்பி ஆறுதுங்க."

முழு வாக்கியம்! அக்கா ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். எனக்கும் சந்தோஷம்தான், யாருக்கு இருக்காது? காபியைக் குடித்துக்கொண்டே காதைத் தீட்டிக் காத்திருந்தேன். 'வேலு' வரவில்லை. அன்றைக்கு முழுக்க வரவில்லை. அப்புறம் எப்போதுமே வரவில்லை.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது, "முழுசாக் குணமாயிட்டாங்க" என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஒரே ஒரு தரம் பேரு சொல்லிக் கூப்புடேன்."

"அய்ய... சும்மா இருங்க, வாய் கூசுதுங்க."

"அப்பக் கூப்புட்டியே?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது பேசத் தெரியாதப்பப் பேசுனதுங்க."

டாக்டர் சொன்னது சரிதான், அவள் முழுசாகக் குணமாகிவிட்டாள் — எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை!