தேய்த்த தகடு

அப்பாவிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் என் மகளே சிரிப்பாள். அதுவும் இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். நெய்வேலியில் சுரங்கம் தோண்டிய புதிதில் வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயருக்கு அப்பா டிரைவராக இருந்தார். அவர் ஊருக்குத் திரும்பும்போது, கப்பலில் ஏற்றிப் போகிற செலவுக்கு இது ஆகாது என்று காரை அப்பா பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் வந்ததே தவிர ஓட்ட வழியில்லை. பெட்ரோல் போட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு அதை நிறுத்தி வைத்திருந்தார். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். ஷிப்ட் முடிந்து போகும்போதெல்லாம் கொட்டகையை எட்டிப் பார்ப்பார்.

"என்னய்யா, ஒம்ம காரு இன்னிக்கு எத்தன படி பால் கறந்துச்சு?"

"இன்னும் கன்னு போடலிங்க" என்பார் அப்பா. இருவரும் சிரிப்பார்கள். தினமும் அதே கேள்வி, அதே பதில். ஆனாலும் தினமும் சிரிப்பார்கள்.

அப்பா பிறவி டிரைவர் இல்லை. எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வடலூர் போகும் வழியில் ஒரு காணி செம்மண் நிலம் விலைக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அங்கே கூட்டிப்போவார். வரப்பில் நின்றுகொண்டு, "இந்த மூலையில கெணறு. அந்தாண்ட பூரா மல்லாட்ட. நீ பள்ளிக்கூடம் வுட்டு வந்து மல்லாட்ட ஆயலாம்" என்பார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்ப்பார். பிறகு எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவார், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதைப்போல. அந்த நிலத்தை வாங்க அவருக்கு இருந்த ஒரே வழி அந்தக் கார்தான்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது காருக்கு ஆள் வந்தது. பழைய கார்களாகத் தேடி வாங்கிச் சேர்த்து வைக்கும் மெட்ராஸ்காரர் ஒருவர். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வண்டியக்கூட அப்புறந்தான் பாப்பாராம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "கம்பெனியில தகடு ஒண்ணு அடிச்சி வுட்டிருக்கான் பாரு, அதப் பாத்துதான் வெல சொல்லுவாராம்."

மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. நான் கூச்சக்காரி. யாராவது கேட்டால்தான் பேசுவேன். அதனால் எந்தத் தகடு, எதற்கு என்றெல்லாம் கேட்கவில்லை. அப்பா அதைக் காட்டி ஒருமுறை யாரிடமோ பேசியதைப் பார்த்திருக்கிறேன். முன்மூடியைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில், எண்ணெயும் புகையும் படிந்து கறுத்துக் கிடக்கும். அந்த அழுக்குத் தகட்டையா அவ்வளவு பெரிய மனிதர் வந்து பார்ப்பது என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பூஜைக்கு முதல் நாள் எல்லார் வீட்டிலும் எதையாவது தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா விளக்குத் தேய்க்க எடுத்து வைத்த புளியில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். புளிக்குப் போகவில்லை. செங்கல் பொடி போட்டேன். கறுப்புப் பெயிண்ட் உரிந்து வந்தது, பளபளப்பு வரவில்லை. கடைசியில் அப்பாவின் டூல் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். சாயங்காலம் வரை தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்து எரிந்தது. தகடு மட்டும் நிலாத் துண்டுபோல ஆகிவிட்டது. மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து மூடியை இறக்கினேன். அப்பா பூஜையன்று மூடியைத் திறக்கவில்லை. மேலேயே பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டார்.

மறுநாள் மெட்ராஸ்காரர் டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். அப்பா பெட்டியிலிருந்து காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வேலியோரம் திருநெல்வேலிக்காரரும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். வந்தவர் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"டிரைவர், புத்தகத்துல ஏழு நம்பர் இருக்கு. தகட்டுல நாலுதான் இருக்கு. பாக்கி மூணு எங்க?"

அப்பா குனிந்து, கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை இல்லை, கையைப் பார்த்தார்.

"யாரு தேய்ச்சது?" என்றார் வந்தவர்.

அப்பா என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க" என்றார்.

"எதுக்கு?"

"பூசைக்கிங்க. சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"பூசைக்கா? திருட்டு வண்டிக்குத்தான்யா நம்பரத் தேய்ப்பாங்க. எஞ்சினும் மாத்தின எஞ்சின். அடிச் சட்டத்துல இருந்த நம்பரத் துரு தின்னுடுச்சு. இதுதான் அந்தக் காருன்னு சொல்ல இந்தத் தகடு ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப இது வெறும் இரும்பு."

மெட்ராஸ்காரர் புத்தகத்தைக் கார் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லய்யா" என்று திருநெல்வேலிக்காரர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்துப் பால் கறந்ததா என்று கேட்கவே இல்லை.

பண்ருட்டியிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரி காரை அறுத்து எடுத்துப் போனார். வடலூர் வழி நிலத்தில் வேறு யாரோ முந்திரி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வேறு பாதையில் சைக்கிளை ஓட்டினார். ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு வாடகை வீட்டிலேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். அந்தத் தகட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

போன மாதம் என் மகள் போனில் ஏதோ காட்டினாள். வெளிநாட்டில் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பழைய காரின் தகட்டைத் தடவிப் பார்க்கிறார். "இதத் தொடைக்கவே கூடாதாம்மா. அழுக்கோட, அந்தக் காலத்துப் பெயிண்டோட இருந்தாத்தான் அசலுன்னு நம்புவாங்களாம். கோடிக்கணக்குல போவுமாம்" என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னேன். கண் தெரியவில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று அப்பா "நான்தாங்க" என்று சொன்னபோது எனக்கு ஒரே ஆச்சரியம். எனக்குத் தெரியாமல் அப்பாவும் ஒரு நாள் தேய்த்திருக்கிறார் போலிருக்கிறது, அதனால்தான் தகடு அவ்வளவு பளபளத்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. கறுத்த என் விரல்களை வெளியே தெரியாமல் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தார். அப்பா அத்தனை பேர் எதிரில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நானும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.