இராசமலர் அக்கா மறைக்கச் சொல்லாத நோய்

ஜான்-தலோன் மெட்ரோவின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது சுதனின் அழைப்பு வந்தது. இராசமலர் அக்கா போய்விட்டார். தாயை இழந்தவன் அழுதுகொண்டே அடுத்ததாகக் கேட்டான்: "அண்ணை, என்ன வருத்தமெண்டு ஆக்கள் கேட்டா, சீனி வருத்தம் எண்டு மட்டும் சொல்லுவமோ?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஈரல் எண்டே சொல்லு. அம்மா ஒளிச்சவவே?" என்றேன்.

வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவர் அக்கா. டோர்வல் விமான நிலையப் பக்கம் விமானச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் பல வருடம் வேலை செய்தவர். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். பழைய சீனி வருத்தம், ஈரலில் படிந்த கொழுப்பு, பிறகு ஈரலே இறுகிப்போனது. நம்மவர்களுக்கோ ஈரல் என்று காதில் விழுந்தாலே போத்தல்தான் கண்ணில் தெரியும்.

ஈரல் நிபுணரிடம் முதல் தடவை போனபோது மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். வாரத்துக்கு எவ்வளவு மது என்று அந்த இளம் பெண் டொக்டர் கேட்டார். நான் அக்காவிடம் கேட்கவேயில்லை. தொடவே மாட்டார் என்று நானே பிரெஞ்சில் சொல்லி முடித்துவிட்டேன். டோர்வலில் அத்தனை வருடம் வேலை செய்தவருக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்காதா?

"தம்பி, அந்தப் பிள்ளை என்னைத்தானே கேட்டவ? என்ரை வருத்தத்துக்கு நான் பதில் சொல்லுறன்" என்றார்.

பிறகு டொக்டரைப் பார்த்துத் தானே சொன்னார். மது இல்லை. ஆனால் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, சீனி நிறையப் போட்டு. வேலையில் மிஞ்சிய கேக் ஒன்றையும் விட்டதில்லை. டொக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில், "மரியாதைக்குத்தான் கேக்கேல்லை அக்கா" என்றேன்.

"மரியாதையோ, பயமோ?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயம்தான். அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பினால் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் தினமும் குடிப்பவன் நான். இரத்தப் பரிசோதனை சரியில்லை, நிபுணரைப் பார் என்று குடும்ப டொக்டர் தந்த கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.

ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு மாமி அக்காவின் கையைப் பிடித்து, "நீங்கள் குடிக்காதனீங்கள் எண்டு நாங்கள் எல்லாருக்கும் சொல்லுறம் பிள்ளை" என்று ஆறுதல் சொன்னார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார் அக்கா. "குடிச்ச ஆளுக்கும் வைத்தியம் வேணும்தானே? நீங்கள் எனக்கு நற்சாட்சி சொல்லச் சொல்ல, அந்தாள் வெக்கத்திலை டொக்டரட்டைப் போகாமலே செத்துப்போகும்."

அந்தாள் எதிர்க் கதிரையில்தான் இருந்தான், சோடாவுக்குள் விஸ்கியைக் கலந்து வைத்துக்கொண்டு. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

மரண அறிவித்தலில் சுதன் ஈரல் நோய் என்றே போட்டான். மது அருந்தாதவர் என்றும் சேர்க்கச் சொல்லி உறவினர்கள் நெருக்கினார்கள். அவன் சேர்க்கவில்லை. அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது.

செத்தவீடு முடிந்த மறுவாரம் லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். நிபுணரைப் பார்க்க நாள் கிடைத்துப் போனபோது அதே அறை, அதே டொக்டர், அதே கேள்வி. எவ்வளவு என்று சொன்னேன். ஒரு கிளாஸ்கூடக் குறைத்துச் சொல்லவில்லை.

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தத் துணிச்சல் ஒன்றுதான். அடுத்த விழாவில் என்னைப் பற்றிக் குசுகுசுக்க வேண்டாம். நேரே வந்து கேளுங்கள். என் வருத்தத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.