கொட்டும்னா என்ன கொட்டும், மிஸ்?

சின்னப் பிள்ளைகளுக்குத் தேனீயைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் தேனீப் பயம் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். பிள்ளைகள் கேட்கிற கேள்விப் பயம்தான் கடைசி வரைக்கும் தெளியாது.

மதுரை பழங்காநத்தத்தில் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு சாயங்கால டியூஷன் நடத்துகிறேன். ஒண்ணாப்பு, ரெண்டாப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். வீட்டில் டியூஷன் எடுக்கிற மகராசிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் மூன்று பேருக்கு ஒண்ணுக்கு வந்துவிடும். இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரர் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ஒரு மரப்பெட்டியைத் தேனீக்களோடு மொட்டைமாடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பிள்ளைகள் சும்மா விடுமா? சனிக்கிழமை சாயங்காலம் தேனீப் பாடம் என்று ஆகிப்போயிற்று.

பெட்டியின் நாலு காலுக்கும் எறும்பு ஏறாமல் இருக்க நாலு தண்ணீர்க் கிண்ணம். பெட்டிக்குப் பத்தடி தள்ளி சாக்பீஸில் ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் அடுத்த சனிக்கிழமை கிடையாது. இவ்வளவுதான் என் சட்டம்.

கீழ்வீட்டு அய்யா

ஹவுஸ் ஓனர் அய்யா கீழே இருக்கிறார். தல்லாகுளத்தில் ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். எங்கள் மேல் கோபம் வந்தால் அதிலேயே முணுமுணுப்பார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, நிம்மதியாக இருப்பேன். பெட்டியைப் பார்த்த அன்றைக்கு மட்டும் மாடிக்கே ஏறி வந்து எனக்குப் புரிகிற மாதிரி தமிழிலேயே பேசினார்.

எனக்குத் திக்கென்றது. வாரம் முழுக்கக் கூட்டல் கழித்தல் என்று என் மூஞ்சியைப் பார்த்து அலுத்துப்போன பிள்ளைகள், சனிக்கிழமை மட்டும் படியில் ஓடி வருகிறார்கள். எனக்கும் அந்த ஒரு நாள்தான் நாமும் டீச்சர்தான் என்கிற நினைப்பு வருகிறது. பெட்டி போனால் அதுவும் போச்சு. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"பிள்ளைக வருது, போகுது, நான் ஒண்ணுஞ் சொல்லலை டீச்சரம்மா. ஆனா எந்தப் பிள்ளைக்காவது கொட்டுச்சுன்னு பெத்தவங்க என் வாசல்ல வந்து நின்னா, மறுநாளே பெட்டியை இறக்கிரணும்."

டம்ளர்

அய்யா கிளப்பிவிட்ட பயத்தில் முதல் பாடமே எச்சரிக்கைதான். "யாரும் கிட்டப் போகக் கூடாது, தேனீ கொட்டும்" என்று ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன். கொட்டினால் அய்யா பெட்டியை இறக்கச் சொல்லிவிடுவார் என்றும் சொன்னேன். எட்டுத் தலையும் பவ்யமாக ஆடின. கண்ணை உருட்டி, விரலை நீட்டி நான் சொன்ன தோரணைக்கு இனிமேல் ஒரு பிள்ளை பக்கத்தில் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை தனுஸ்ரீ என்கிற ஒண்ணாப்புப் பிள்ளை பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எதுக்கும்மா டம்ளர் என்று கேட்டேன். எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பரிதாபமாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்கதான மிஸ் தேனீ கொட்டும்னு சொன்னீங்க? தேன் கீழ சிந்திறக் கூடாதுல்ல."

அடை

அந்த வாரம் எல்லாரும் தேனடை படம் வரைந்துகொண்டு வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ராத்திரிச் சமையல் நேரத்தில் ரெண்டாப்பு அஸ்வினுடைய அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி. "மிஸ், தேனை அடை மேலயே ஊத்திக் குடுத்துவிடவா, தனியா டப்பாவுல தரவா?" நான் விளக்கம் எழுதி அனுப்புவதற்குள் அந்த அம்மா மாவை ஆட்டியே முடித்துவிட்டார்.

மறுநாள் முருங்கைக்கீரை போட்ட அடை பத்து வந்து சேர்ந்தது. படம் யாரும் கொண்டுவரவில்லை. பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டோம், நான் ரெண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு, தேனீக்கு முருங்கைப் பூ என்றால் உயிர், அதன் அடை மெழுகில் செய்தது, அறை அறையாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். அஸ்வின் விரலைச் சூப்பிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்:

"முருங்கை வரைக்கும் கரெக்டாத்தான் மிஸ் போயிருக்கு. அதுக்கப்புறம் அதுக்குச் சுடத் தெரியலை."

வேலைக்காரத் தேனீ

ராணித் தேனீ, ஆண் தேனீ, வேலைக்காரத் தேனீ. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நானும் அப்படியே சொன்னேன். பெட்டியைச் சுத்தம் செய்வது, குஞ்சுகளுக்கு ஊட்டுவது, வெளியே போய்ப் பூத்தேன் கொண்டுவருவது எல்லாம் வேலைக்காரிதான் என்று ஜோராகச் சொல்லிக்கொண்டே போனேன். தனுஸ்ரீ கையைத் தூக்கினாள். அவளுடைய அம்மா பாண்டிச்செல்வி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, எல்லாருக்கும் கடைசியாக வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போகிறவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் போன போக்கில் போய்விட்டது.

பிள்ளை கோபமாகச் சொல்லவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி பொறுமையாகத்தான் சொன்னாள். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அன்றிலிருந்து என் வீட்டில் அவள் சொன்ன பெயர்தான்.

"வேலைக்காரின்னு சொல்லக் கூடாது மிஸ். வேலைக்குப் போறவங்கன்னு சொல்லணும்."

மல்லி

மதுரையில் இருந்துகொண்டு மல்லிகைப் பூவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? மல்லிகைக்குத் தேனீ வருமா என்று அஸ்வின் கேட்டான். விரிவதற்கு முன்னாலேயே மொட்டாகப் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்களே, தேனீ எங்கே வந்து என்ன செய்யும் என்றேன். பையன் பெட்டிப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டான்:

"பூவையும் முன்னாடியே எடுத்துக்கிறோம், தேனையும் எடுத்துக்கிறோம். அப்புறம் அது கொட்டுதுன்னு வேற சொல்றோம், என்ன மிஸ்?"

போயிட்டு வா

நம் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும், வழியனுப்புகிறவரும் 'போயிட்டு வா' என்றுதான் சொல்ல வேண்டும். தனுஸ்ரீக்கு அவளுடைய அம்மா இதை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டால், பெட்டி வாசலிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு தேனீக்கும் 'போயிட்டு வா' சொல்கிறாள். அது என்ன ஒன்றா ரெண்டா? மூச்சு வாங்கிப்போய் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் நானும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டுப் பேருக்கும் நான் ஒருத்தியே எப்படி மிஸ் சொல்றது? இந்தப் பக்கம் போறவங்களுக்கு நீங்க சொல்லுங்க."

கிண்ணம்

போன மாதம் நான் பயந்தது நடந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். தனுஸ்ரீ மட்டும் அம்மாவுக்காக மாடியில் காத்திருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன், அணைக்கப் போனேன். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஒரு கையை மூடிப் பின்னால் வைத்திருக்கிறாள். கண் நிறையத் தண்ணீர். என் நேரம், அந்தச் சமயம் பார்த்து அய்யா தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே வந்தார். "என்ன பாப்பா, கொட்டிருச்சா?" என்று கேட்டார்.

தனுஸ்ரீ என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். டம்ளரோடு வந்த அதே பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா தாத்தா, தேன் கொட்டிருச்சு" என்றாள். அய்யா அவள் மறைத்து வைத்திருந்த கையை எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். நான் அவளை இழுத்து மடியில் வைத்து விரலைப் பிரித்தேன். மோதிர விரல் வீங்கியிருந்தது. கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்தேன். அப்போதுதான் காதோடு சொன்னாள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு தேனீ விழுந்து தத்தளித்ததாம், தூக்கிவிட்டாளாம். "பெட்டியை எடுத்துருவாங்களா மிஸ்?" என்று கேட்டாள். அதுவரைக்கும் வலியை அடக்கிக்கொண்டிருந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டிய தேனீ அவள் காலடியில் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளை வாய்விட்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, சேர்ந்து அழுதேன்.

பாண்டிச்செல்வி வந்தார். பின்னாலேயே அய்யாவும் கட்டைவிரலில் சுண்ணாம்போடு திரும்பி வந்தார். பிள்ளை எனக்காகப் பொய் சொல்லலாம், அவளைப் பெற்றவரிடம் நான் பொய் சொல்லக் கூடாது. அய்யா காதுபடவே நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். தனியாக விட்டுவிட்டுப் போனது என் தப்பு என்றும் சொன்னேன். பாண்டிச்செல்வி மகளின் விரலைப் பிடித்து ஊதினார். மூச்சுத் திணறுதா, வேறெங்கும் தடிச்சிருக்கா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கீழே கிடந்த தேனீயைப் பார்த்தார். "வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வாரப்ப விழுந்திருக்கும். உசுருக்குத் தத்தளிக்கையில தூக்குற கை யாரு கைன்னு அதுக்கு எப்படி மிஸ் தெரியும்?" என்றார்.

பெட்டியை எப்போது இறக்க வேண்டும் என்று அய்யாவிடம் நானே கேட்டேன். அவர் பிள்ளையின் விரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"நீங்க என்னமோ சொல்றீங்க டீச்சரம்மா, எனக்குப் பாப்பா சொன்னதுதான் கணக்கு. தேன் கொட்டுனதுக்கெல்லாம் பெட்டியை இறக்கச் சொல்ல முடியுமா?"

அடுத்த சனிக்கிழமை தனுஸ்ரீ நாலு ஐஸ் குச்சி கொண்டுவந்தாள். விழுகிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று கிண்ணத்துக்கு ஒன்றாக மிதக்கவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டு, அவள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

இத்தனை மாதம் தேனீப் பாடம் நடத்தியதில் நான் உருப்படியாகப் படித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: 'கொட்டும்' என்று சொன்னால், என்ன கொட்டும் என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட வேண்டும்.